வறுத்த கொடுவாவும் வாடகை முதலாளியும்

ஒரு காட்டில், உப்பங்கழிக் கரையோரம், நாரை ஒன்று மீன் உணவகம் நடத்திவந்தது. அன்று மாலை அங்கே இருந்தவர்கள்: கல்லாவில் நாரை, பரிமாற நீர்க்காகம், அடுப்படியில் ஆமை, தண்ணீரைப் பார்த்த மேசையில் நரியும் அதன் மனைவியும், வாசலில் செவலை என்ற நாய், கரையில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு கெங்கம்மா. ஆக ஏழு பேர். பின்வாசல் குப்பைக் கூடையருகே கிழட்டுத் தெருநாய் ஒன்றும் படுத்திருந்தது. அதை நாரை கணக்கில் சேர்ப்பதில்லை.

செவலைக்கு ஒரே ஓர் ஆசை. முழுக் கொடுவா மீன் ஒன்றை, தலையோடு வறுத்து, அந்த உணவகத்துக்குள் மரியாதையாக உட்கார்ந்து தின்ன வேண்டும். வாசலில் பலகை இருந்தது: ‘நாய்களுக்கு நல்வரவு. உடையவருடன் வரவும்.’

“உன் உடையவர் எங்கே?” என்றது நாரை.

“எனக்கு நானேதாங்க உடையவன்.”

“அப்போ நீ தெருநாய். பின்பக்கம் போ.”

பின்பக்கம் போவதா! செவலைக்கு ரோஷம் வந்துவிட்டது. படகுத்துறையில் கிடந்த கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆட்டிடம் ஓடியது.

“கெங்கம்மாக்கா, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எனக்கு முதலாளியா இருங்க.”

“எனக்கு மீன் வாடையே ஆகாதேடா.”

“கயித்தைப் பிடிச்சாப் போதும். மீன் எனக்கு, அது வர்ற வாழையிலை உங்களுக்கு.”

ஆடு கயிற்றைக் கவ்வியது. நாரை எழுந்து நின்று, “வாங்கம்மா, வாங்க” என்றது. ஆட்டுக்கு நாற்காலி, நாய்க்கு மேசையடி.

நீர்க்காகம் பச்சை மீன்களைத் தட்டில் அடுக்கி ஆட்டிடம் நீட்டியது. ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“செவுளைத் தூக்கிப் பாருங்கக்கா, சிவப்பா இருக்கணும்” என்று மேசையடியிலிருந்து குரல் வந்தது.

“உங்க நாய் ரொம்பப் பேசுதேம்மா” என்றது நீர்க்காகம்.

“செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டேன்” என்று பெருமூச்சு விட்டது ஆடு. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

கொடுவா வந்தது. மொறுமொறுவென்று, தலையோடு. செவலைக்கு வாயூறித் தரை நனைந்தது. ஆடு மீனை ஒதுக்கிவிட்டு இலையை உருவித் தின்றது.

“அக்கா, மீனு!”

நாரை குனிந்து ஆட்டின் காதில் சொன்னது: “மசாலா கொடுத்துடாதீங்கம்மா, நாய்க்கு முடி கொட்டும். நல்ல உடையவங்க தயிர்சாதம்தான் கொடுப்பாங்க.”

“அதையே கொண்டாங்க” என்றது ஆடு.

“நான்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தேன்!” என்று செவலை கத்தியது.

“நன்றி கெட்டவனே, உன் உடம்பு மேல எனக்கு அக்கறை இருக்காதா?” ஆடு கயிற்றைச் சுண்டி இழுத்தது. நரியின் மனைவி கணவனிடம், “எவ்வளவு பாசம் பாருங்க!” என்றாள்.

“மீனைப் பார்சல் கட்டவாம்மா?” என்றது நீர்க்காகம்.

“வேணாம்பா, கொட்டில் நாறும்.”

மேசைக்குப் போய்வந்த மீன் பின்வாசல் கூடைக்குத்தான் போக வேண்டும். அது அந்த உணவகத்தின் சட்டம். சற்று நேரத்தில் பின்னாலிருந்து கறுக்கு முறுக்கென்று சத்தம் கேட்டது. கிழட்டுத் தெருநாய் முதலில் தலையைத்தான் கடிக்கிறது என்பது செவலைக்குத் தெரிந்தது. எழுந்தது. கயிறு இழுத்தது. உட்கார்ந்து தயிர்சாதத்தை நக்கியது.

கூடையருகே மிச்சம் கிடந்தது நடுமுள் ஒன்று.

நீதி: முன்வாசல் வழியாகப் போக விரும்புகிறவர்கள் தயிர்சாதத்துக்கு நாக்கைப் பழக்கிக்கொள்ள வேண்டும். மீன்தான் வேண்டுமென்றால், கணக்கில் சேராமல் இருப்பது உத்தமம்.