பதினெட்டாம் நம்பர் கவலை

ரயிலை விட்டு இறங்கியதும் எதிரே தசரதனின் முகம் தெரிந்தது. அப்போதுதான், தாம் இறங்கியிருப்பது பீச் ஸ்டேஷன் அல்ல, தாம்பரம் என்பது லாசரஸுக்கு உறைத்தது.

"இன்னா சார், அதுக்குள்ள ஆபீஸ் முட்ச்சிக்கினு வந்துட்டியா?" என்றார் தசரதன். அடுத்த வீட்டுக்காரர். ஊர் வயலும் வரப்புமாக இருந்த நாளிலிருந்தே அங்கே நிலம் வைத்திருப்பவர். அதனால் யாருக்கும் பயப்படாமல் பேசுவார்.

லாசரஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால். காலை எட்டு மணிக்கு ஏறியவரை மின்சார ரயில் பீச் வரை கொண்டுபோய், ஒரு வார்த்தை கேட்காமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தது. இந்தப் பதினைந்து நாளில் இது மூன்றாவது தடவை.

"இல்லை, ஒரு ஃபைலை மறந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் ஏறினார். இந்தத் தடவை உட்காரவே இல்லை.

விஷயம் இதுதான். லாசரஸுக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. படுத்தால் கண் மூடும், மனசு மூடாது. ஆனால் ரயில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் போதும், அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் வருவதற்குள் வாய் திறந்துவிடும். மெத்தையில் கிடைக்காத சுகம் மரப்பலகையில் எப்படிக் கிடைக்கிறதோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ஆபீஸில் சூப்பிரண்டெண்ட் ஏசுதாசன் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"லாசரஸ், இது மூணாவது மெமோ. நாலாவது கிடையாது. பிப்ரவரி முடியறதுக்குள்ள இன்னும் ஒரு நாள் லேட்டா வந்தாலும் ராமநாதபுரத்துக்கு ஆர்டர் போட்டுடுவேன். அங்கே ஆபீசுக்குப் பின்னாடியே குவார்ட்டர்ஸ். நீங்க ரயில் ஏறவே வேண்டாம்."

லாசரஸ் வீட்டை நினைத்துப் பார்த்தார். பாதி கட்டின வீடு. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் மனைவி மெட்டில்டா. மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போகும் மகள் பியூலா. எல்லாரையும் விட்டுவிட்டுத் தண்ணியில்லாக் காட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிடுவதா?

அவர் சும்மா இருந்துவிடவில்லை. என்னென்னவோ செய்து பார்த்தார். தசரதனின் மனைவி கிளியம்மாள் பாலில் ஜாதிக்காயை உரைத்துக் கொடுத்தாள். எவ்வளவு உரைப்பது என்று அவளுக்கும் தெரியாது, எவ்வளவு குடிப்பது என்று இவருக்கும் தெரியாது. அன்று ராத்திரி முழுக்கக் கொல்லைக்கும் கூடத்துக்கும் நடை. மெட்டில்டா வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தாள். பதினாலு பேர் வந்து உருகி உருகி ஜெபித்தார்கள். ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பதினாலு பேரும் வழியில் நிறுத்தி, "பிரதர், தூக்கம் வந்துதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வரவில்லை என்றால் ஜெபத்துக்கு இழுக்கு. வந்தது என்றால் பொய். என்ன பதில் சொல்வது என்று யோசித்தே இன்னும் இரண்டு மணி நேரத் தூக்கம் போயிற்று.

கடைசியில் டாக்டர் சரோஜினியிடம் போனார்.

"உடம்பில ஒண்ணும் இல்ல. படுத்ததும் என்ன நினைப்பீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

லாசரஸ் சொல்ல ஆரம்பித்தார். சொன்னார், சொன்னார், வெளியே காத்திருந்த நோயாளிகள் இருமி இருமி ஞாபகப்படுத்தும் வரை சொன்னார். டாக்டர் மருந்துச் சீட்டை மூடி வைத்துவிட்டார்.

"ஆபீஸ்ல உங்களுக்கு என்ன வேலை?"

"தபால் பிரிவு டாக்டர். வர்ற கடிதத்துக்கு ஒரு நம்பர், போற கடிதத்துக்கு ஒரு நம்பர். பத்தொன்பது வருஷமா அதேதான்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு கடிதம் வந்தா, ராத்திரி பூரா அதைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களா?"

"சேச்சே! நம்பர் போட்டு, நாளைக்குன்னு ட்ரேயில வெச்சுட்டு வந்துடுவேன்."

"அந்த மரியாதையைக் கவலைக்கும் குடுங்க. அதை விரட்டாதீங்க, விரட்டினா ராத்திரி திரும்பி வரும். சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்க. இது பயம், இது கோபம், இது வெட்கம்னு பேர் போட்டு எழுதுங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு மூடி வெச்சுடுங்க. உங்க மனசு பதில் கேட்கல சார். யாராவது பொறுப்பா வாங்கிக்கிட்டா போதும்னு கேக்குது."

லாசரஸ் அன்றே எழுதி மேஜைமேல் வைத்தார். தூக்கம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று விடியும்போது அவருக்குப் புரிந்தது. எழுதி மேஜையில் வைத்தால் அது பெண்டிங். பத்தொன்பது வருஷ சர்வீஸில் பெண்டிங் வைத்துவிட்டு அவர் என்றைக்காவது நிம்மதியாக இருந்திருக்கிறாரா? அனுப்பினால்தானே தீர்ந்தது!

அன்று சாயங்காலம் ஒரு கட்டுத் தபால் கார்டு வாங்கிவந்தார். கவர் வேண்டாம், கார்டுதான் சரி. கார்டில் இடம் குறைவு, கவலை அதற்குள் அடங்கித்தான் ஆகவேண்டும். பெறுநர் இடத்தில் தம் பெயரையே போட்டு எழுதினார்:

'நடப்பு எண் 1. பயம். தசரதன் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் என் சுவரின் அஸ்திவாரத்தில் இறங்குகிறது. சொன்னால் சண்டை வரும். சொல்லாவிட்டால் சுவர் விழும். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள, லாசரஸ்.'

தெருமுனைப் பெட்டியில் போட்டார். கார்டு உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. வீட்டில் மெட்டில்டா கையில் கிடைத்தால் வம்பு என்பதால், தபால்காரர் சம்பந்தத்திடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

"எம் பேருக்கு எனக்கே கார்டு வரும்ப்பா. வீட்டுல குடுக்காதே. காலையில ரயிலுக்குப் போறப்போ போஸ்ட் ஆபீஸ்ல நானே வாங்கிக்கிறேன்."

"ஒனக்கு நீயே... செரி சார்," என்றார் சம்பந்தம்.

அன்று ராத்திரி லாசரஸ் தூங்கினார். பத்து மணிக்குத் தலை சாய்த்தவர் எழுந்தபோது காகம் கத்திக்கொண்டிருந்தது. அவரால் நம்ப முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து தம் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். காலையில் போஸ்ட் ஆபீஸில் கார்டை வாங்கி வெயிலில் நின்று படித்தால், ராத்திரி மலையாகத் தெரிகிற விஷயம் வெறும் சாக்கடைத் தண்ணீராகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம்தான் ஆச்சரியமே. வீடு திரும்பினால், தசரதன் மண்வெட்டியோடு நின்று தண்ணீரை மறுபக்கம் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?" என்றார் லாசரஸ்.

"தண்ணி ஒன் சொவுத்துல எறங்குதே, வியுந்துட்சின்னா பேஜாராப் பூடும்ல? அதான்."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார். போ, போய் காப்பித் தண்ணி குடி," என்று சொல்லிவிட்டுத் தசரதன் மும்முரமாக வெட்ட ஆரம்பித்தார்.

லாசரஸுக்கு உடம்பு சிலிர்த்தது. தற்செயல் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் தற்செயல் ஒரு தடவை வரும், இது நிற்கவில்லையே!

நாலாம் நம்பர்: 'வெட்கம். மெட்டில்டாவின் அக்கா மகள் கல்யாணத்தில் ஆராதனை நடுவே குறட்டை விட்டுவிட்டேன். ஐந்து நாளாகப் பேசமாட்டேன் என்கிறாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.' மறுநாள் சாயங்காலம் மெட்டில்டா தட்டு நிறைய முறுக்கோடு வந்து, "வாய் வரலைன்னா கேட்க வேண்டாம், சாப்பிடறதுக்காவது வருதா பாருங்க," என்றாள். லாசரஸ் முறுக்கைக் கடிக்காமல் அவள் முகத்தையே பார்த்தார். இருபது வருஷத்தில் தம் மனசுக்குள் புகுந்து அவள் படித்தது இதுதான் முதல் தடவை.

ஏழாம் நம்பர், பியூலாவின் கணக்கு. ரிட்டயரான கணக்கு வாத்தியார் பக்தவச்சலம் எவர் வீட்டுப் படியும் ஏறாத மனிதர். அவர் குடையை மடக்கிக்கொண்டு வந்து, "பொண்ணு எங்கே? அல்ஜீப்ரா தகராறாமே?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "கணக்குல வீக்கான பொண்ணு இருக்கிற வீடு பார்த்தாலே தெரியும்," என்று மழுப்பினார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பழக்க தோஷத்தில் ரயிலில் கண்ணயர்ந்துவிடுவேனோ என்று ஒன்பதாம் நம்பரில் எழுதிய மறுநாள், பீச் ஸ்டேஷனில் ஒரு கை அவர் தோளைத் தொட்டது.

"லாசரஸ் சார், பீச்சு வந்துட்சி, எறங்கு."

காக்கிச் சட்டை, தோளில் ஒரு கோணிப்பை, வாய் நிறைய வெற்றிலை. லாசரஸ் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்ப்பதற்குள் ஆள் கூட்டத்தில் கரைந்துவிட்டார். மறுநாளும் அதே கை. அதற்கு மறுநாளும். தேவதூதர்கள் வெள்ளை உடுப்பில்தான் வரவேண்டும் என்று யார் சொன்னது? லாசரஸ் பிளாட்பாரத்தில் நின்றபடியே கண்ணை மூடி நன்றி சொன்னார். கண் கலங்கிவிட்டது. தாம் ஒரு சாதாரண தபால் பிரிவு ஆள். தம் கடிதத்தை மேலே ஒருவர் உட்கார்ந்து, நம்பர் வாரியாக எடுத்துப் படிக்கிறாரே!

அந்தப் பிரமிப்பில் மறுபடியும் தூக்கம் போய்விடும்போல் இருந்தது. நல்லவேளை, டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. 'நடப்பு எண் 12. பிரமிப்பு,' என்று எழுதி அதையும் பெட்டியில் போட்டுவிட்டுப் படுத்தார்.

பிப்ரவரி முடிந்தது. ஒரு நாள்கூட லேட் இல்லை. ஏசுதாசன் அவரை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, டைப் அடித்துத் தயாராக வைத்திருந்த ஆர்டரைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"என்னய்யா, முகமே மாறிப்போச்சு! அப்படி என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

"மருந்தில்லை சார், தபால்," என்றார் லாசரஸ். ஏசுதாசனுக்குப் புரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று இந்த அற்புதத்துக்குச் சாட்சி சொல்லப்போகிறேன், அப்போது எல்லாருக்கும் புரியும் என்று லாசரஸ் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மூலை வீட்டுச் செல்லியம்மாள் அவரை வழிமறித்தாள்.

"சார், இங்கிலீசுல ஒரு பெட்டிசன் எய்திக் குடு. அந்த போஸ்ட்மேன் சம்பந்தம் எம் மருமவன் லெட்டரைக் கொண்டுபோய் பச்சையம்மா வூட்ல போட்டுட்டான். அவ வூட்டு லெட்டரு எங்கூட்ல கீது. சைக்கிள் மேலயே தூங்கறான் சார் அவன்! நேத்து எங்கூட்டு மாட்டு மேலயே வுட்டுட்டான். வேற ஆளைப் போடச் சொல்லு."

லாசரஸுக்குச் சங்கடமாகிவிட்டது. சம்பந்தத்தின் முகம் ஞாபகம் வந்தது. ஆமாம், கொஞ்ச நாளாகவே கண் இரண்டும் கோவைப்பழமாகத்தான் இருக்கிறது. தூங்காத மனிதனின் கஷ்டம் தூங்காதவனுக்குத்தான் தெரியும். மனு எழுதினால் அந்த ஆளின் பிழைப்பில் மண் விழும். எழுதாவிட்டால் செல்லியம்மாள் விடமாட்டாள்.

"நாளைக்கு எழுதித் தரேம்மா," என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கார்டை எடுத்தார்.

'நடப்பு எண் 18. இரக்கம். தபால்காரர் சம்பந்தத்துக்குத் தூக்கம் இல்லை. என்ன கவலையோ, பாவம். அவர் வேலைக்கே ஆபத்து வந்திருக்கிறது. யாராவது உடனே அவருடைய கவலையைத் தீர்த்து அவரைத் தூங்க வைக்க வேண்டும்.'

பெட்டியில் போட்டார். இனி மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்று படுத்தார், அருமையாகத் தூங்கினார்.

காலையில் போஸ்ட் ஆபீஸில் சம்பந்தம் கட்டுக்கட்டான தபாலுக்கு நடுவில் அந்தக் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. லாசரஸுக்கு மனசு பொறுக்கவில்லை.

"சம்பந்தம், எத்தனை நாளாப்பா உனக்குத் தூக்கம் இல்ல?"

"ஒரு ஒண்ணரை மாசமா சார்."

"வீட்டுல ஏதாவது கஷ்டமா?"

"எனக்கு இன்னா சார் கஷ்டம்? ஒண்டிக்கட்ட. பொண்டாட்டியா, புள்ளகுட்டியா? படுத்தா செத்த பொணம் மாதிரித் தூங்கினு இருந்த ஆளு நானு."

லாசரஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொல்றேன். மனசுல இருக்கிறதை ஒரு கார்டுல எழுதிப் பெட்டியில போட்டுடு. அவ்வளவுதான். அதை ஒருத்தர் எடுத்துப் படிக்கிறார்ப்பா. படிச்சு, ஒண்ணு விடாம முடிச்சும் குடுக்கிறார். நான் கண்ணால பார்த்தேன்."

சம்பந்தம் கையிலிருந்த கார்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து லாசரஸைப் பார்த்தார்.

"பதினேழு வரைக்கும் வூடு வூடா ஏறி எறங்கி, ரயிலு வரைக்கும் ஆள் வெச்சி, கையில கால்ல வியுந்து, எப்படியோ முட்ச்சிக் குடுத்துட்டேன் சார், பதினெட்டுல என்னையே எய்தி அனுப்பிட்டியே, இத்தை நான் எந்த வூட்ல போய்ச் சொல்றது?"