ஒரே கை நத்தீயா

"நிறுத்தாதீங்க, அடிப்பிடிச்சிடும்," என்றாள் எதெல்மீரா.

சத்தூர்னினோ கையை நிறுத்தவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார். மணி இரண்டேகால். மூன்று மணிக்குத் தெஹோ இறுதி ஆட்டம். வெடிமருந்துப் பொட்டலம் செருகிய களிமண்ணில் இரும்புத் தட்டை எறிந்து வெடிக்க வைக்க வேண்டும். சொகமோசோ ஊரில் அவர் ஆடும் தெரு அணி இறுதிச் சுற்றைப் பார்த்து ஆறு வருடம் ஆகிவிட்டது.

ஒரு வாரமாகத் தீட்டிய திட்டம். "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் நவநாளுக்கு நத்தீயா இனிப்பு நான்தான் கிண்டப்போறேன். சமையல் கத்துக்கப்போறேன்" என்று முதல் அறிவிப்பு. முப்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் வெந்நீர்கூட வைக்காத மனிதர். பத்தே நிமிடத்தில் அவள் பொறுமை இழந்து கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். நல்ல பெயர் கிடைக்கும், ஆட்டமும் கிடைக்கும். இது தோன்றிய அன்று தன் மூளையை நினைத்து அவருக்கே சற்று பயமாக இருந்தது.

பிடுங்கவைப்பதற்கு வேண்டியதையெல்லாம் செய்தார். சோள மாவைக் கரைக்காமல் கொதிக்கும் பாலில் கொட்டினார். கட்டிகட்டியாக மிதந்தது.

"முதல் தடவை அப்படித்தான். அழுத்திக் கிண்டுங்க, கரைஞ்சிடும்."

வெல்லத்தை அடுப்பெல்லாம் சிந்தினார். அவள் துடைத்தாள்.

"எனக்கு இதெல்லாம் வராது போலிருக்கே, எதெல்மீரா."

"யார் சொன்னது? கை எவ்வளவு அழகா சுத்துது!"

இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"கொஞ்சம் பிடியேன், தோள் வலிக்குது."

அவள் இரண்டடி பின்வாங்கினாள். "ஐயோ, நான் தொடலாமா? ஆரம்பிச்ச கைதான் முடிக்கணும். வேற கை பட்டா திரிஞ்சுபோயிடும்."

"அதெல்லாம் சும்மா பேச்சு."

"சும்மாவா? உங்கம்மா சொன்னது!"

அம்மா சொன்னதென்றால் அவர் வாதாடுவதில்லை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு நிறைய விஷயங்களைச் சொல்லியிருந்தாள். தவிர, ஏழு மணிக்குப் பதினெட்டுப் பேர் ஜெபத்துக்கு வருகிறார்கள். திரிந்த நத்தீயாவை இந்தத் தெரு பத்து வருடம் பேசும்.

மச்சினன் அனிபால் மூச்சிரைக்க உள்ளே வந்தான். "மாமா, இன்னும் கிளம்பலையா? ஆறாவது ஆள் இல்லாட்டி ஆட்டம் அவங்களுக்குப் போயிடும்!"

"நீயே சொல்லு மாப்ளே. இந்தக் கரண்டிய உங்கக்கா வாங்கக் கூடாதாம்."

அனிபால் பானைக்குள் எட்டிப் பார்த்தான். "யார் கிண்ட ஆரம்பிச்சது?"

"நான்தான்."

"அப்ப முடிஞ்சுது," என்று தொப்பியைக் கழற்றினான்.

எதெல்மீரா மெதுவாக ஏப்ரனை அவிழ்த்தாள். "தெருவோட மானம் போகலாமா? எங்கப்பா களத்துல நானும் எறிஞ்சவதானே. என்னடா தம்பி?"

"நீ எறிஞ்சா அப்பாவே ஒதுங்கி நிப்பாரேக்கா."

அவிழ்த்த ஏப்ரனை அவர் இடுப்பில் கட்டினாள். தீயைக் குறைத்தாள். "சின்னத் தீயிலதான் ருசி. அவசரப்படாதீங்க."

கதவருகே ஒரு தோல்பை தயாராக இருந்தது. உள்ளே அவருடைய இரும்புத் தட்டு, துடைத்து எண்ணெய் பூசி. அதற்கு எப்போது எண்ணெய் பூசினாள் என்று கேட்க நினைத்தபோது தெருவில் அக்காவும் தம்பியும் சிரிக்கும் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது.

சத்தூர்னினோ கிண்டினார். இரண்டு தெரு தள்ளி ஒரு வெடி. கைதட்டல். வலது கை ஓய்ந்ததும் இடது கைக்கு மாற்ற நினைத்தார். அம்மா அதைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியாததால் மாற்றவில்லை. இன்னொரு வெடி. அடுத்ததற்குக் கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது.

நாலரைக்கு வந்தார்கள். அவள் கன்னத்தில் களிமண், துணியில் வெடிமருந்து வாசனை.

"மூணு பொட்டலம், மாமா! மூணும் அக்காதான்!"

"கடைசித் தட்டு இருக்கே, அது ஓரமா போறமாதிரிதான் போச்சு," என்றாள் எதெல்மீரா. "எல்லாரும் போச்சு போச்சுன்னாங்க. எனக்கு மட்டும் தெரியும், அது உள்ள திரும்பும்னு..."

சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கி, பானையில் நாலு சுற்றுச் சுற்றினாள்.