தினேஷ் கொடுத்த கெட்ட பேட்டரி

பொங்கலுக்குள் புது கேமரா வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது என் உரிமை. அனுமதி கொடுப்பது ரேணுகாவின் உரிமை. பதிமூன்று வருடமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் சச்சரவில்லாமல் நடக்கிறது.

ரேணுகா என் மனைவி. சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அதாவது, குறை கண்டுபிடிக்க வெளியே சம்பளம் தருகிறார்கள். வீட்டில் இலவசமாகச் செய்கிறாள்.

"பழைய கேமராவுக்கு என்ன கேடு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பருத்திப்பட்டு ஏரியில பறவை எடுக்கணும்னா பெரிய ஜூம் வேணும்."

"கிட்டப் போய் எடுங்க."

"பறந்துடும்."

"அப்ப அதுக்கு உங்களைப் பிடிக்கலைன்னு அர்த்தம். பழசு கெட்டுப்போகட்டும், அப்புறம் பாக்கலாம்."

கெட்டுப்போகட்டும். இந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு?

கேமராவை உடைக்க மனசு வரவில்லை. தரைத்தளத்து தினேஷிடம் போனேன். கல்யாண வீடியோ எடுப்பவன். திருமுல்லைவாயிலிலேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் அடுக்குமாடி நிற்கும் இடமே ஒரு காலத்தில் அவர்கள் வயல்தான்.

"கெட்டுப்போன பேட்டரி ஏதாவது இருக்கா தினேஷ்?"

"கீது அண்ணாத்தே. டூப்ளிகேட்டு. மூணு கோடு ஃபுல்லா காட்டும், மூணாவது நிமிஷம் பூடும். உனுக்கு இன்னாத்துக்கு?"

"அதேதான் வேணும். மெமரி கார்டும் அப்படி ஒண்ணு கிடைக்குமா?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நாலு படம் எடுத்தா அஞ்சாவதுக்கு எர்ரர் காட்டிகினு நிக்கும். பரவால்லியா?"

பரவாயில்லையாவா? அமிர்தம்.

நல்ல பேட்டரியையும் நல்ல கார்டையும் என் பழைய சேஃப்டி ஷூவுக்குள் ஒளித்து வைத்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு வருடம் உழைத்த ஷூ. அதன் வாசனைக்குப் பயந்து எறும்புகூட அந்தப் பக்கம் வராது.

அடுத்த சனிக்கிழமை ரேணுகாவின் அக்கா மகள் வர்ஷாவுக்குப் பிறந்தநாள். மெழுகுவர்த்தியை ஊதும் நேரத்தில் கேமரா அணைந்தது. மெழுகுவர்த்தியைத் திரும்ப ஏற்றினார்கள். நானும் பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டினேன். வர்ஷா ஊதினாள். கார்டு எர்ரர். மூன்றாவது முறை ஏற்றியபோது மெழுகுவர்த்திக்கே சலித்துப்போய், யாரும் ஊதாமலே அணைந்துவிட்டது.

"சார்ஜ் போட்டீங்களா?" என்று ரேணுகா கேட்டாள்.

"ராத்திரி பூரா போட்டேன்." இது சத்தியம்.

"அப்புறம் ஏன் இப்படி?"

"உள்ள போர்டு போயிருக்கும்." ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினேன். "வயசாயிடுச்சு, ரேணு. இனிமே காப்பாத்துறது கஷ்டம்."

அவள் கேமராவை வாங்கித் தடவிப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஜெயிக்கிறவன் அதையெல்லாம் பார்க்கக் கூடாது.

வியாழக்கிழமை, தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஞாயித்துக்கிழமை முகப்பேர் போய் புது கேமரா பாத்துட்டு வரலாம்."

அன்று ஒன்பது தோசை சாப்பிட்டேன். பதிமூன்று வருடத்தில் என் முதல் வெற்றி. மறுநாள் ஆபீசில் எல்லோருக்கும் டீ சொன்னேன். தினேஷிடம் ஒரு மீன்கொத்திப் படம் தருவதாக வாக்குக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்கூட்டர் ஓட்டிய தோரணைக்கு யானை மேல் போகிறவன்கூட ஒதுங்கி வழிவிட்டிருப்பான். பின்னால் ரேணுகா, மடியில் கேமரா பையோடு, அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் வீராசாமி பெரியவர். பொறுமைசாலி. நான் கேட்ட பெரிய ஜூம் கேமராவை எடுத்துக் கொடுத்தார். எதிர்வரிசைப் பேக்கரியில் பப்ஸ் மேல் உட்கார்ந்திருந்த ஈ தெரிந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

"பழசு இருந்தா குடுங்க சார், எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கறேன்."

"அது செத்துப்போச்சு சார்."

ரேணுகா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வீராசாமி பட்டனை அழுத்தினார். கேமரா விழித்துக்கொண்டது. நான்கு படம் எடுத்தார். ஐந்தாவதும் எடுத்தார். இருபது எடுத்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. அணையவில்லை. ஏசி கடையில் எனக்கு மட்டும் வியர்த்தது.

"ஜம்முனு இருக்கே சார்," என்றபடி பழைய படங்களைப் பின்னோக்கித் தள்ளினார். ஒரு படத்தில் விரல் நின்றது. "இது என்னம்மா, ஷூ?"

என் ஷூதான். அதன் மேல் தினேஷ் கொடுத்த பேட்டரியும் கார்டும் ஜோடியாக போஸ் கொடுத்துக்கொண்டிருந்தன.

"கெட்டது அது ரெண்டும்தான் சார்," என்றாள் ரேணுகா. "கேமரா மேல தப்பே இல்ல. முதல்ல கார்டை மட்டும் மாத்தினேன். எர்ரர் நின்னுச்சு, ஆனா அணைஞ்சு போறது நிக்கல. அப்புறம் பேட்டரியையும் மாத்தினேன். அதுவும் நின்னுச்சு."

"கரெக்டும்மா. ஒண்ணொண்ணா மாத்தித்தான் பாக்கணும். நல்ல பேட்டரி எங்க வாங்கினீங்க?"

"ஷூவுக்குள்ள இருந்துச்சு. நாத்தம் தாங்கலையேன்னு வெயில்ல வைக்க எடுத்தேன்."

வீராசாமி தலையை ஆட்டினார். சேஃப்டி ஷூவில் பேட்டரி வைப்பது வழக்கம்தான் என்பது போல என்னைப் பார்க்காமல் இருந்தார். பெரிய மனிதர்.

"எப்ப தெரிஞ்சுது?" என்றேன் மெதுவாக.

"பிறந்தநாளுக்கு மறுநாளே."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தோம்?"

ரேணுகா என் கையிலிருந்த ஜூம் கேமராவை வாங்கி, பத்திரமாக கவுண்டரில் வைத்தாள்.

"லென்ஸ் துடைக்கிற துணி ஒண்ணு குடுங்க சார். இவரு புதுசா ஏதாவது வாங்கணும்னு ரொம்ப ஆசையா வந்திருக்காரு."