படிக்கல் அண்ணன் எடைபோட்ட பிள்ளை

கண்டியில் குளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பிலிமத்தலாவை தொடங்கி அக்குறணை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், படிக்கல் அண்ணனைப் போல உண்மை பேசியே கெட்டுப்போன ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. பொய் சொல்லிக் கெட்டவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். உண்மையைச் சொல்லிச் சொல்லியே சிநேகிதம், கல்யாணம், விருந்துச் சாப்பாடு எல்லாவற்றையும் தொலைத்தவரை நான் ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன்.

தேயிலைத் தண்ணீர் குடித்து வளர்ந்த இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது. அப்போது மலை முழுக்கக் கோப்பிதான். மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாட்டு வண்டிகளில் மூட்டை மூட்டையாக வந்து கண்டியில் இறங்கும். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கிட்டங்கி. வந்த கோப்பியை முற்றத்தில் காயவைத்து, நிறுத்து, சாக்கில் கட்டிக் கொழும்புக்கு ஏற்றுவது அங்கே வேலை. நான் கிளாக்கர். படிக்கல் அண்ணன் தராசுக்காரர். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பேர் வைத்திருப்பார்கள். அது அவருக்கே மறந்து போயிருந்தது.

கிட்டங்கியின் நடு உத்தரத்தில் சங்கிலி போட்டு ஒரு பெரிய தராசு தொங்கும். ஒரு தட்டில் மூட்டை, மறு தட்டில் இரும்புப் படிக்கல். முள் நடுவில் நிற்கும்வரை அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தராசுக்காரன் கை தராசுக்குப் பக்கத்தில் இருந்தால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வருமாம். பிறகு சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. அக்குறணையிலிருந்து கோப்பி கொண்டுவரும் முஸ்லிம் நானா ஒருத்தர், மழையில் நனைந்த மூட்டையைக் காய்ந்ததென்று சத்தியம் செய்வார். அண்ணன் ஒரு கொட்டையைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, சத்தியத்துக்கும் சேர்த்து இரண்டு றாத்தல் கழிப்பார்.

இதைக் கிட்டங்கியோடு நிறுத்தியிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார். ஒருநாள் பெரிய துரை விளையாட்டாகத் தானே தட்டில் ஏறி உட்கார்ந்து, என்ன எடை என்று கேட்டார். எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றோம். அண்ணன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழித்தார், சப்பாத்தைக் கழித்தார், கொஞ்சம் யோசித்துவிட்டு, மத்தியானம் குடித்ததை இன்னும் கழிக்கவில்லை என்றார். துரைக்கு அவ்வளவு தமிழ் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தெரிந்திருந்தது.

பெரகரா ஊர்வலத்தில் யானை வந்தால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். நம்ம ஆள் கண்ணை இடுக்கிக்கொண்டு, உடுப்பைக் கழித்தால் எழுபது அந்தர் தேறும் என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தகப்பன் மகளுக்குச் செய்த சங்கிலியைப் பெருமையாக எடுத்துக் காட்டியிருக்கிறார். அண்ணன் அதை உள்ளங்கையில் ஏந்தி இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே மெழுகு இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். அதற்குப் பிறகு யாரும் அவருக்குப் பெண் காட்டவில்லை.

இந்த மனிதரிடம்தான் என் மகள் பொன்னி போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் வீடு கிட்டங்கி முற்றத்தை ஒட்டியது. பொன்னிக்கு அப்போது ஒன்றே கால் வயது. நடக்கப் பழகி ஒரு மாதம்தான், ஓடப் பழகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. காய்கிற கோப்பியைக் கண்டால் குளத்தைக் கண்ட எருமை மாதிரி விழுந்து புரளுவாள். கையில் எது கிடைத்தாலும் வாயில். கோப்பிக் கொட்டை, சாக்குநூல், ஒருநாள் என் பேனாக்கட்டை. சோற்றை மட்டும் வாயில் வாங்கமாட்டாள். என் மனைவி மீனாட்சி காலையில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓட ஆரம்பித்தால், அந்தக் கிண்ணம் காலியாகும்போது மத்தியானச் சோறு வெந்திருக்கும். காலியானதும் பிள்ளை வயிற்றுக்குள் போய் அல்ல. காக்காய்க்குப் பாதி, சுவருக்குப் பாதி.

அப்படி ஓடிவந்தவளைப் படிக்கல் அண்ணன் ஒருநாள் பிடித்தார். பிள்ளையை எப்படித் தூக்குவது என்று தெரியாமல், மூட்டையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் பிடித்துத் தட்டில் வைத்தார். கொலுசைக் கழித்தார், வெள்ளி அரைஞாணைக் கழித்தார். அடியில் தொட்டுப் பார்த்தார். ஈரம். ஈரத்துக்கும் கால் றாத்தல் கழித்துவிட்டு, இருபது என்று அறிவித்தார். பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டு ஊஞ்சல் மாதிரி ஆடுகிறதே! ஆ என்று வாயைத் திறந்தாள். திறந்த வாயில் மீனாட்சி ஒரு கவளத்தைத் திணித்தாள். உள்ளே போய்விட்டது.

அன்றிலிருந்து என் மகள் தராசுத் தட்டில்தான் சாப்பிட்டாள். சாப்பிடுமுன் ஒரு நிறுவை, சாப்பிட்டபின் ஒரு நிறுவை. உள்ளே போனது கால் றாத்தல், தரையில் போனது அரை றாத்தல் என்று அண்ணன் கணக்காகச் சொல்வார். சனிக்கிழமை மட்டும் கொலுசு அரைஞாண் கழித்த சுத்த எடை. மீனாட்சிக்கு அவர் தெய்வமாகிவிட்டார். எனக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

அடுத்த வீட்டு லூர்தம்மாவுக்குத்தான் இது பொறுக்கவில்லை. வளருகிற பிள்ளையை யாராவது நிறுப்பார்களா, கண்ணூறு படாதா என்று தினமும் வேலிக்கு மேலால் ஒரு பாட்டம் பாடுவாள். நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மழைக்காலத்தில் பொன்னிக்குக் கழிச்சல் வந்தது.

ஓமத்தண்ணீர் கொடுத்தோம், மாதுளைத் தோல் அவித்துக் கொடுத்தோம், பிலிமத்தலாவையிலிருந்து வைத்தியரைக் கூட்டிவந்தோம். நின்ற மாதிரி நின்று மறுபடியும் போகும். ஓடித் திரிந்த பிள்ளை பாயில் துணி மாதிரிக் கிடந்தது. மீனாட்சி நேரே கிட்டங்கிக்குப் போய், எல்லோரும் பார்க்க, உங்கள் தராசுதான் என் பிள்ளையைத் தின்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். கண்ணூறிலெல்லாம் நம்பிக்கை இல்லாத அண்ணன், அன்று பின்னேரமே லூர்தம்மாவிடம் போய், சுற்றிப்போட எவ்வளவு மிளகாய் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒரு கை என்றாளாம். யாருடைய கை என்று திரும்பக் கேட்டிருக்கிறார்.

மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு லூர்தம்மா சிலுவையும் போட்டுக்கொண்டாள். கழிச்சல் நிற்கவில்லை.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம், பிள்ளை முகம் தெளிந்துவிட்டது, இன்னும் இரண்டு நாளில் எழும்பி ஓடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வைத்தியரும் அதையே சொன்னார், நானும் அதையே சொன்னேன். அந்தச் சனிக்கிழமை மீனாட்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்கு நடந்தாள்.

"அண்ணே, எல்லாரும் என்னைய ஏமாத்துறாங்க. நீங்கதான் பொய் சொல்லமாட்டீங்க. நிறுத்துச் சொல்லுங்க."

அவர் நிறுத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முள்ளைப் பார்த்தார். பதினெட்டரை என்றார். மீனாட்சி வீட்டுக்கு வந்து, அன்று சோறு தொடவில்லை. அடுத்த சனி பதினேழே முக்கால். பிள்ளையின் எடை ஏறாமல் தன் வாயில் ஒரு பருக்கை போகாது என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டாள். கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இரவும் பகலும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாள். நாலாம் நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையும் போய், இவளும் போனால் நான் என்ன செய்வேன்?

நான் அண்ணனிடம் போனேன். வருகிற சனிக்கிழமை அரை றாத்தல் கூட்டிச் சொல்லுங்கள், அவள் சாப்பிடட்டும் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

"அது வராது தம்பி. முள்ளு ஒண்ணு சொல்லும்போது வாய் வேற சொல்லாது எனக்கு."

"அப்ப உங்க உண்மையை வச்சு நாக்கு வழிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்னைவிட மூத்த மனிதரை நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை வந்தது. மீனாட்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளையை நான் தூக்கிவந்தேன். தட்டில் கிடத்தினோம். அது ஆடவுமில்லை, சிரிக்கவுமில்லை. அண்ணன் படிக்கற்களை ஒவ்வொன்றாக வைத்தார். முள் நடுவில் நிற்க நேரம் எடுத்தது. நான் அவருடைய கையைப் பார்த்தேன். பின்னால் ஒரு கைதான் இருந்தது. மற்றது முன்னால் வந்து, பிள்ளையின் துணியைச் சரிசெய்கிற மாதிரி, தட்டின் ஓரத்தில் தங்கியிருந்தது. பெருவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தார்.

"பதினெட்டே கால்" என்றார். "ஏறியிருக்கு தங்கச்சி. போய்ச் சாப்பிடு."

மழைக்காலக் குளிரில் அந்த மனிதருக்கு நெற்றி முழுக்க வேர்வை. மீனாட்சி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிவரும்படி எனக்குக் கையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். போய் ஒரு தட்டுச் சோறு போட்டு, ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன், சொல்வதற்கென்ன.

அண்ணன் திங்கட்கிழமை தராசுப் பக்கம் வரவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்லி, ஒரு கிழமை முழுக்க என்னை நிறுக்கச் சொல்லிவிட்டு மூட்டை அடுக்கினார். இடுப்புப் பிடித்தவன் மூட்டை அடுக்குவானா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அதற்குள் பொன்னிக்குக் கழிச்சல் தானாகவே நின்றது. கஞ்சி கேட்டாள், பிறகு சோறு கேட்டாள், பிறகு என் பேனாக்கட்டையைக் கேட்டாள். அடுத்த மாதம் அவளைத் தட்டில் வைத்து, இரண்டு கையையும் இறுக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு, இருபதே கால் என்று அண்ணன் கத்திய சத்தம் ரயிலடிக்குக் கேட்டிருக்கும்.

பிள்ளை தேறியதற்காக மீனாட்சி அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். கதிரை போட்டும் உட்காராமல் தரையில் உட்கார்ந்து, கோழிக்கறியில் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். கறி எப்படி என்று அவள் கேட்டாள். நான் கண்ணைக் காட்டினேன், காலைச் சுரண்டினேன். உப்புக் கூட என்றார்.

அவர் போனபிறகு எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மனுஷனா அன்றைக்கு அப்படிச் செய்தார் என்று ஆரம்பித்து, பெருவிரல் விஷயத்தை மீனாட்சியிடம் போட்டு உடைத்துவிட்டேன். அவள் எச்சில் இலையை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்" என்றாள். "ராப்பகலா இடுப்புல வச்சிருக்கிறவளுக்குப் புள்ள எடை தெரியாதாக்கும்."

பிறகு ஏன் சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"கட்டிக்கப் போற பொண்ணுக்காகக்கூடப் பொய் சொல்லாத மனுஷங்க. எனக்காகச் சொல்லிட்டு அப்படி வேர்த்துப் போய் நிக்கிறாரு. அதுக்கப்புறமும் சாப்பிடாம எப்படி இருக்கிறது?"