அசலில் ஏறாத எட்டு லட்சம்

அன்பு மருமகள் தேஜஸ்ரீக்கு, ராயபுரத்திலிருந்து மாமனார் பொங்கியண்ணன் எழுதுவது.

தவறு செய்தவன் நான். தலைகுனிய வைத்தது உன்னை. இதை எழுதிய பிறகுதான், தாராபுரத்தில் உன் தாய்வீட்டார் சுகமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு வருகிறது. இங்கே நானும் உன் அத்தையும் என் மகன் மோகன்ராஜும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

ஊத்துக்குளியில் ரோட்டுக்கு எடுத்த நம் நிலத்துக்கு எட்டு லட்சம் வந்த அன்றே நீ சொன்னாய்: “மாமா, இந்த வாரமே ஊட்டுக் கடன்ல அசலுக்குக் கட்டீரலாங்க. மாசத் தவணை அப்படியே இருக்கட்டும். பதினாறு வருசம் எட்டு வருசமாயிரும்.” நான் கேட்கவில்லை. மைத்ர முகூர்த்தத்தில் கட்டினால் மிச்சக் கடனும் தானாகக் கரையும் என்று காலண்டரின் பின்பக்கத்தில் படித்திருந்தேன். பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக் கூட்டிப் படித்தவனுக்கு அச்சில் வந்ததெல்லாம் சட்டம். முதல் முகூர்த்தம் விடிகாலை நாலரைக்கு வந்தது, அடுத்தது ஞாயிற்றுக்கிழமை, இப்படியே இரண்டு மாதம் போய், கடைசியில் மதியம் ஒன்றே முக்காலுக்கு ஒன்று அமைந்தபோது கடன் கம்பெனியில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்கள். கவுண்டர் தம்பி தயிர்சாதக் கையோடு, “அசல்ல கழிக்கோணும்னா ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கய்யா” என்றான். முகூர்த்தம் முடிய நாலு நிமிடம். “லெட்டர் கெடக்குது, மொதல்ல செக்கை வாங்கப்பா” என்றேன். வாங்கிக்கொண்டான்.

அடுத்த மாதம் மோகன்ராஜ் கணக்கில் தவணை பிடிக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. கடன் கரைகிறது என்று தெருவெல்லாம் சொன்னேன். எதிர்வீட்டு வேலுமணிக்கும் கடன் கட்ட நாள் குறித்துக் கொடுத்தேன். பிடிக்காத நாலு மாதத் தவணையை எடுத்துக் கருப்பராயனுக்குக் கடா வெட்டி நூற்றைம்பது பேருக்கு விருந்து வைத்தேன். உன் அப்பா இரண்டு முறை குழம்பு வாங்கினார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அந்தப் பந்தியில்தான் நீ என் காதோரம் வந்து, “மாமா, கடன் கரையலீங்க. லெட்டர் இல்லாததால அட்வான்ஸ் தவணைன்னு வெச்சு, நம்ம பணத்துலயே மாசாமாசம் எடுத்துக்கறாங்க. வட்டி முழுக்கடனுக்கும் ஓடுதுங்க” என்றாய். நீ மெதுவாகச் சொன்னதற்கு நான் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, “பனியன் கம்பெனில மெயில் அனுப்பறவளுக்கு ஊட்டுக் கணக்கு என்ன தெரியும்?” என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு தாராபுரத்துக்கு பஸ் ஏறினாய். பன்னிரண்டு நாளாகிறது.

நேற்று யாருக்கும் சொல்லாமல் கடன் கம்பெனிக்குப் போனேன். அதே தம்பி. “அன்னைக்கே சொன்னேனுங்களே ஐயா” என்றான். முப்பது வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்து ஒரு பீஸ்கூட அளவு தப்பாதவன், தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். ஆனாலும் காலண்டர் போட்டவன், ‘லெட்டர் எழுதவும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நீ நல்லா இருக்கோணும் சாமி.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்
பொங்கியண்ணன்

பின்குறிப்பு: மீதிப் பணத்தை அசலுக்கு மாற்ற லெட்டர் எழுத வேண்டியது நீ. அதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டியது மோகன்ராஜ். வேலுமணியிடம் உண்மையைச் சொல்ல வேண்டியது நான். விருந்துக்கு வந்த சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டு, மருமகள் சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டியதும் நான். கடன் கம்பெனிக்குப் போகும் நாளையும் நேரத்தையும் குறிக்க வேண்டியது நீ மட்டுமே. எந்த நேரமானாலும் மறுபேச்சில்லாமல் கூட வருவேன். வெள்ளிக்கிழமை என்றால் மட்டும் பத்தரைக்குள் முடித்துவிடு கண்ணு, அதற்கு மேல் ராகு காலம்.