ஹெல்மெட்டு சாம்பிராணிக்குக் காப்பு கட்டினேன்

வெள்ளிக்கிழமை காலையில கோயிலுக்குப் போயி ஒரு காப்பு கட்டிக்கினு வரணும். அவ்ளோதான் அன்னிக்கு வேலை. இட்லி ஆறுறதுக்குள்ள வந்துடலாம்னுதான் கெளம்புனேன்.

காப்பு எனக்கில்ல. என் ஐடியாவுக்கு.

சிரிக்காதீங்க. முழுசா கேட்டுட்டு அப்புறமா சிரிங்க.

எனக்கு ஐடியா வரும். வேற ஒண்ணும் வராது. படிப்பு வரல. பாட்டு வரல. மில்லு வேலையிலேர்ந்து நின்னப்புறம் தூக்கமும் சரியா வரல. ஐடியா மட்டும் மோட்டார் கொட்டாயில தண்ணி வர்ற மாதிரி கொட்டிக்கினே இருக்கும்.

வர்றது கஷ்டமில்லீங்க. வந்தத வச்சிக்கறதுதான் கஷ்டம். ஏன்னா எனக்கு ஒரு சகலை இருக்கான். என் பொண்டாட்டி அஞ்சலையோட தங்கச்சியக் கட்டுனவன். பேரு காத்தவராயன். எங்க ஊர்லேர்ந்து ரெண்டு ஊரு தள்ளி அரியூர்ல வூடு.

நான் வாத்து வளத்தேன். அவனும் வாத்து வளத்தான். அவன் வாத்து முட்டை போட்டுச்சி. என்து வாய்க்காலோட பூடுச்சி.

நான் தார்ப்பாய் வாடகைக்கு விட்டேன். அவனும் விட்டான். அவன்து புதுசு. என்துல வானம் தெரியும்.

கடைசியில ஊர்ல இன்னா பேச்சு தெரியுமா? "காத்தவராயன் பண்றதப் பாத்து கோவிந்தசாமியும் பண்றாரு."

கேக்கும்போது வயிறு எரியுதா இல்லியா? ஒரே ஒரு தொழிலாவது நான்தான் மொதல்ல பண்ணேன்னு நாலு பேரு வாயால வரணும். எனக்கு வேற ஆசை இல்ல.

மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கற என் பொண்ணு கலைக்கு போனப் போட்டு அழுதேன்.

"அப்பா, எல்லாத்தையும் போட்டுக் கொழப்பிக்காத. ஒண்ணே ஒண்ணு எடு. சித்தப்பா காப்பி அடிக்காம இருக்கணும்னா அதுக்கு மொதல்ல காப்பு..."

அந்த நேரம் பாத்து தெருவுல டவுன் பஸ்ஸு ஆரன் அடிச்சிக்கினு போச்சி.

"காப்பா?"

"ஆமாம்பா, காப்பு... வாங்கிடு. அப்புறம் ஒத்தன் கை வைக்க முடியாது."

டவர் பூட்டது.

எனக்கு ஒரே ஆச்சரியம். கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, சாமி விஷயத்த எவ்ளோ சரியா சொல்லுது! எங்க ஊரு திரௌபதி அம்மன் கோயில்ல அந்த வெள்ளிக்கிழமைதான் காப்புக் கட்டு. நேரம் கூடி வந்துடுச்சின்னு நெனச்சேன்.

இப்ப எந்த ஐடியாவுக்குக் கட்டறது? அதுதான் கேள்வி. அஞ்சலையக் கூப்புட்டு குந்த வச்சேன்.

"கல்யாண மண்டபத்துல ராத்திரி தங்கறவங்களுக்குத் தலகாணி வாடகை. எப்படி?"

"எந்தத் தலையில பேனு இருக்குன்னு நீ வாரிப் பாத்துட்டுக் குடுப்பியா?"

செத்துச்சி ஒண்ணு.

"சரி, இது கேளு. ராத்திரியில பைக்க நாய் தொரத்துதா? பின்னாடி ஒரு டப்பா. பட்டன அமுக்குனா பிஸ்கட்டு விழும். நாய் நின்னுடும்."

"நாளையிலேர்ந்து பிஸ்கட்டுக்காகவே தொரத்தும்யா."

அதுவும் செத்துச்சி.

"ஹெல்மெட்டு வாடகை! போலீசு நிக்கற எடத்துக்கு முன்னாடி நான் நிப்பேன். ஹெல்மெட்டு இல்லாதவன் எங்கிட்ட வாங்கி மாட்டிக்கினு போவான்."

"போனவன் திரும்பி வருவான்னு நெனக்கிற பாரு, அந்த மனசு எனக்குப் புடிச்சிருக்கு."

இப்படியே வந்த ஐடியாவ எல்லாம் வரிசையா நிக்க வச்சி சுட்டுட்டா. மிச்சம் இருந்தது ஒண்ணு. அதச் சொல்ல வாயத் தொறந்தேன், கொழாயில தண்ணி வந்துடுச்சி. கொடத்தத் தூக்கிக்கினு ஓடிட்டா.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சிச்சி. எதுல அஞ்சலை ஓட்டை கண்டுபிடிக்கலியோ, அதுதான் நல்ல ஐடியா!

அந்த ஐடியா இன்னான்னா, ஹெல்மெட்டு சாம்பிராணி.

இப்ப எல்லாரும் ஹெல்மெட்டு போடறாங்க. கழட்டுனா உள்ள இன்னா நாத்தம்! வேர்வையும் எண்ணையும் சேந்து செத்த எலி கணக்கா. அரியூர் ஆஸ்பத்திரி வாசல்ல எவ்ளோ வண்டி நிக்குது. ஒரு தள்ளுவண்டி, ஒரு தூபக்காலு, கொஞ்சம் நெருப்பு, மேல சாம்பிராணி. ஹெல்மெட்டக் கவுத்து ஒரு காட்டு காட்டுனா கமகமன்னு இருக்காது?

வூட்ல ஒரு தடவ செஞ்சி பாத்திருக்கலாம்தான். அஞ்சலைக்குத் தெரிஞ்சிடுமேன்னு வுட்டுட்டேன்.

கோயிலுக்குப் போனேன். கூட்டத்துல முண்டி பூசாரி முன்னாடி கைய நீட்டுனேன்.

"இன்னா வேண்டுதல் கோவிந்தசாமி?"

காதுல குசுகுசுன்னு சொன்னேன். "ஒண்ணு வச்சிருக்கேன் பூசாரி. வெளிய சொல்ற மாதிரி இல்ல."

என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "எங்க வச்சிருக்க? ஒடம்புலியா?"

"இல்ல, மண்டையில."

"அடப்பாவமே! எத்தினி நாளா?"

"ரொம்ப நாளா உள்ள ஓடிக்கினே இருக்கு. தூங்க வுட மாட்டேங்குது."

பூசாரி கண்ணு கலங்கிடுச்சி. மஞ்சக் கயித்த எடுத்து எல்லாருக்கும் கட்டுறத வுட கூட ஒரு சுத்து சுத்திக் கட்டுனாரு. நெத்தி நெறைய விபூதி அடிச்சாரு. அப்புறம் மைக்கு பக்கம் திரும்பி, "தீமிதிக்கு இன்னொரு ஆளு, எழுதிக்கோ!"ன்னாரு.

"யாரு தீமிதிக்கு?"

"நீதான். காப்பு கட்டிக்கினா எறங்கணும் இல்ல?"

"பூசாரி, காப்பு எனக்கில்ல..."

"கட்டியாச்சி. இனிமே அவுக்கக் கூடாது. கவிச்சி கூடாது. தீமிதி முடியற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது."

"தாண்டுனா?"

"தாண்டிப் பாரேன்."

அவுரு சொன்ன விதத்துலியே எனக்கு கால் ரெண்டும் ஊரு நடுவுல நட்டுக்கினுச்சி. வெயிலு நேரத்துல தார் ரோட்டத் தாண்டறதுக்கே குதிக்கறவன் நான். நான் போயி தீயில எறங்கறதா!

வூட்டுக்கு வந்து பொண்ணுக்கு போனப் போட்டேன். "நீ சொன்ன மாதிரியே காப்பு வாங்கிட்டேம்மா."

"அதுக்குள்ளயா? எந்த ஆபீசுல?"

"நம்ம அம்மன் கோயில்லதான்."

"கோயில்லியா?"ன்னுச்சி. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சது பாருங்க! "அப்பா, நான் சொன்னது காப்புரிமை! காப்பு இல்ல! கவர்மென்ட்ல எழுதிக் குடுத்து வாங்கறது!"

"அதுக்கும் தீ மிதிக்கணுமா?"

சிரிப்பு மட்டும்தான் வந்துச்சி.

சாயங்காலம் கோயில் மைக்குல வேண்டுதல்காரங்க பேரெல்லாம் படிச்சாங்க. பாதி ஊரு வாசல்ல நின்னு கேக்குது. "கோவிந்தசாமி, மண்டையில் உள்ள கோளாறு நீங்க வேண்டி..."

அவ்ளோதான்! விடிஞ்சதும் வூட்டு வாசல்ல ஜனம். வாழப்பழம் ஒருத்தரு, சாத்துக்குடி ஒருத்தரு. "நல்லாத்தானே பேசுறாரு?"ன்னு என் எதிர்லியே அஞ்சலையக் கேக்கறாங்க. அவ இன்னா சொல்லணும்? "ஆமாம்"னு சொல்லணும் இல்ல? "இப்ப பரவால்ல"ன்றா!

மறுநாளு சகலை வந்தான். கையில ஆப்பிளு. எம்பக்கத்துல குந்தி என் கையப் புடிச்சிக்கினு மெதுவா கேட்டான். "சகல, நான் யாருன்னு தெரியுதா?"

எனக்கு வந்துச்சி பாருங்க கோவம்!

"ஏன்டா, எனக்கா மண்டை சரியில்ல? நல்லாக் கேட்டுக்கோ. ஒனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது இந்த ஐடியா!"ன்னு ஆரம்பிச்சி ஹெல்மெட்டு, தூபக்காலு, ஆஸ்பத்திரி வாசலு, எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அவன் கண்ணு கொட்டாம கேட்டான். "சாம்பிராணி எந்தக் கடையில நல்லா இருக்கும் சகல?"

அதையும் சொன்னேன்.

அவன் போயி வண்டிய எடுக்கற சத்தம் கேட்டப்பத்தான் நான் இன்னா பண்ணேன்னு எனக்கே ஒறச்சிச்சி. பின்னாடியே ஓடுனேன். எல்லைக்கல்லு வந்துடுச்சி. நின்னுட்டேன். அவன் முதுகு அரியூர் பக்கம் போயிக்கினே இருந்துச்சி.

தீமிதி அன்னிக்கு சொல்றேன் கேளுங்க. குழி எதிர்ல நிக்கறேன். பின்னால போயிடலாமான்னு திரும்புனேன். நாலு பக்கமும் ஜனம் "கோவிந்தா! கோவிந்தா!"ன்னு கத்துது. என் பேரும் அதுதானே! ஊரே பேரு சொல்லிக் கூப்புடும்போது எப்படிங்க திரும்பறது? கண்ண மூடிக்கினு எறங்குனேன். கண்ணத் தொறந்தப்ப தீக்குழியத் தாண்டி, கால் நனைக்கற பால் குழியில நிக்கறேன். அம்மா புண்ணியம், காலுல ஒரு கொப்புளம் இல்ல.

காப்ப அவுத்ததும் மொதல் பஸ்ஸப் புடிச்சி அரியூர்ல எறங்குனேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல தள்ளுவண்டி. மேல பெரிய போர்டு. "ஹெல்மெட் சாம்பிராணி." சுத்தி ஒரே கூட்டம். பூட்டுதே, இதுவும் பூட்டுதேன்னு கூட்டத்த வெலக்கிக்கினு உள்ள போனேன்.

சாம்பிராணி வாசனை வரல. பிளாஸ்டிக்கு கருகற நாத்தம் வந்துச்சி.

டூட்டி முடிச்சி வந்த ஒரு நர்சம்மா கையில ஹெல்மெட்டு மாதிரி ஒண்ண வச்சிக்கினு நிக்கறாங்க. உள்ள இருந்த தெர்மாக்கோலு உருகி வழிஞ்சி, வெளிய இருந்தது வளஞ்சி, பாக்கறதுக்கு தீஞ்ச ஆப்பம் கணக்கா இருக்கு.

"இத எப்படிங்க தலையில மாட்டறது?"ன்னு சகலையக் கேக்கறாங்க.

சகலை என்னைப் பாத்தான். அவன் மூஞ்சியில ஒரு வெளிச்சம்!

"தோ வந்துட்டாரும்மா! இந்த ஐடியாவே இவுருதும்மா! மொதல்ல கண்டுபிடிச்சதே இவுருதான்! எந்தக் கடை சாம்பிராணின்னுகூட இவுருதான் சொன்னாரு!"

அத்தினி பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

எத்தினி வருசமா இந்த வார்த்தைக்கு ஏங்கியிருப்பேன்? வெக்கத்த வுட்டு சொல்றேன், ஒரு நிமிஷம் பெருமையாத்தான் இருந்துச்சி. என்னை அறியாம தலைய வேற ஆட்டிட்டேன்.

நர்சம்மா ஆப்பத்தத் தூக்கிக்கினு எம்பக்கம் வந்தாங்க.

"அம்மா, எனக்கு மண்டையில கோளாறும்மா. மைக்குல கூட சொன்னாங்க"ன்னேன்.

எடுபடல. நானும் சகலையும் ஆளுக்குப் பாதி போட்டு அந்தம்மாவுக்குப் புது ஹெல்மெட்டு வாங்கிக் குடுத்தோம். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பி அடிக்காம சேந்து செஞ்ச ஒரே காரியம் அதுதான்.

வூட்டுக்கு வந்து அஞ்சலைகிட்ட சொன்னேன். கொடத்த எறக்கி வச்சிட்டு ஒரே கேள்விதான் கேட்டா. "நெருப்பு மேல போயி தெர்மாக்கோலக் காட்டுவாங்களாய்யா?"

அன்னிக்கு ஒரு கொடம் தண்ணி லேட்டா வந்திருந்தா நான் தீயே மிதிச்சிருக்க வேணாம்.

நேத்து பொண்ணு போன் பண்ணுச்சி. "அப்பா, அடுத்த ஐடியாவுக்காவது ஒழுங்கா காப்புரிமை வாங்கலாமா?"

"வேணாம்மா"ன்னேன். "இப்பல்லாம் நான் ஐடியான்னு வாயத் தொறந்தாலே சகலை வண்டிய ஸ்டார்ட் பண்ணிடறான்."