உடுமலைக்குக் கிளம்பாத கார்

டிரைவர் ராசப்பன் ஹேண்டிலைச் செருகி மறுபடியும் சுற்றினான். கார் 'கர்ர்... கர்ர்...' என்று இருமியது. அப்புறம் பேச்சுமூச்சு இல்லை.

"முகூர்த்தத்துக்குள்ள உடுமலைப்பேட்டை போய்ச் சேரோணுமே சாமி!" என்று கருப்பாத்தாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். மாட்டுவண்டி பூட்டினால் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும்; ஊருக்கு வரும் ஒரே பஸ்ஸும் மத்தியானத்துக்கு மேல்தான்.

அவள் மகன் பொங்கியண்ணனுக்கு அன்று இரண்டாம் கல்யாணம். முதல் பெண்டாட்டி சென்னியம்மாளுக்குப் பிள்ளை இல்லை என்று பேசி முடித்த கல்யாணம்.

அந்தச் சென்னியம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள். பட்டு வேட்டியில் புருஷன் எப்படி இருக்கிறான் என்று ஒரு பார்வை பார்க்க வந்தவள்.

"நீ அங்க நின்னு பாத்தா காரு எப்படிக் கிளம்பும்? உள்ள போ, அம்மணி" என்றாள் கருப்பாத்தாள்.

போனாள்.

தாய்மாமன் செங்கோடன் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். ஒரே ஒரு தடவை ஊட்டிக்குக் காரில் போனவர். அன்று முதல் சொந்தபந்தத்தில் கார் சங்கதிக்கு அவர்தான் பெரிய மனுசர்.

"பெட்ரோல் குழாயில அடைப்பு. கழட்டுப்பா."

ராசப்பன் கழற்றினான். செங்கோடன் வாயை வைத்து ஓங்கி உறிஞ்சினார். அடைப்பே இல்லாத குழாயிலிருந்து பெட்ரோல் நேராக அவர் தொண்டைக்குள் இறங்கியது. அவர் வாந்தியெடுத்து முடிக்கும்வரை கல்யாணம் காத்திருந்தது.

கருப்பாத்தாள் திரும்பிப் பார்த்தாள். சமையற்கட்டு ஜன்னலில் சென்னியம்மாள் முகம்.

"அங்கிருந்தும் பாக்கறா பாரு! மாட்டுக்கொட்டாய்க்குப் போ!"

போனாள்.

"பிளக்கைக் கழட்டிப் பாத்தா என்னங்க மாமா?" என்றான் பொங்கியண்ணன். காலையிலிருந்து அவனிடம் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. பிளக்குகளைக் கழற்றி அடுப்பில் வாட்டினார்கள். சூடு ஆறுமுன் செங்கோடன் ஒன்றை எடுத்துப் பார்த்து, அலறி, மாப்பிள்ளையின் பட்டு வேட்டிமேல் போட்டார். வேட்டியில் ஓட்டை விழுந்தது. கார் மட்டும் கிளம்பவில்லை.

"தள்ளிப் பாத்தா என்னங்க?" என்றான் ஓட்டை வேட்டி மாப்பிள்ளை.

தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். சரிவில் கார் வேகமெடுத்தது. ஆனால் ஓடியது சக்கரம்தான், எஞ்சின் அல்ல. நேராக வாழைத்தோப்புக்குள் போய்ச் சேற்றில் நின்றது. இழுக்க மாடு வேண்டும். கொட்டாயில் இருந்த சென்னியம்மாளே மாடுகளை அவிழ்த்துக் கொடுத்தாள்.

"அவ கையாலயா அவுத்துக் குடுத்தா? அப்புறம் எப்படி வெளங்கும்? ஏனம்மணி, கெணத்துமேட்டுக்குப் போயிரு. கண்ணுல படாதே!"

கிணற்றுமேட்டில் உட்கார்ந்தாள். கார் ஒவ்வொரு தடவை இருமி அடங்கும்போதும் அவள் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. உடனே பயமும் வந்தது. ஒருவேளை அத்தை சொல்வது நிஜந்தானோ? நம் கண்ணுக்கே அப்படியொரு கொள்ளிக்குணம் இருக்குமோ?

முகூர்த்தம் தப்பியது. உடுமலை பஸ்ஸில் வந்த ஆள் ஒருவன், பெண்ணை அதே பந்தலில் முறைமாப்பிள்ளைக்குக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, சாப்பாடு உண்டா என்று விசாரித்தான்.

கருப்பாத்தாள் கிணற்றுமேட்டைக் காட்டினாள். "இவ இந்த ஊட்டுல இருக்கற வரைக்கும் ஒரு நல்லது நடக்காது. அவிநாசிக்கு அவ அப்பன் ஊட்டுக்கே அனுப்பிப்போடு!"

பொங்கியண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் ஒருக்கா பாத்துப்போட்டு வாரேனுங்கம்மா" என்று போய், எஞ்சின் மூடியைத் திறந்து, குனிந்து என்னவோ செய்தான்.

ராசப்பன் சுற்றினான். ஒரே சுற்று. கார் கணீரென்று உறுமியது.

"பாத்தீங்களா? அவ போறாள்னதும் காருக்கே உசுரு வந்துபோச்சு!" என்றாள் கருப்பாத்தாள்.

அவிநாசிப் பாதையில் ராசப்பன் காரை ஓட்ட, பின்சீட்டில் சென்னியம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் அவசரமாகக் கட்டிய துணிமூட்டை. அவனிடம் மெல்லக் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, நெசமாலுமே என் கண்ணுதான் காரை நிறுத்திப்போட்டுதுங்களா?"

"அட, இல்லீங்கம்மணி. எஞ்சினுக்குக் கரண்டு பிரிச்சுக் குடுக்கற சின்னத் துண்டு ஒண்ணு இருக்குதுங்க. காத்தாலயிருந்து அது எசமானரு மடியில இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னதும் கண்ணைக் காட்டினாரு. வாயை மூடிக்கிட்டேனுங்க."

இத்தனை வருசத்தில் ஒரு நாளும் ஆசையை வாய்விட்டுச் சொல்லாத மனுசன்! சென்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதுப்பெண் போலச் சிரித்தாள்.

"எனக்காகவுங்களா அண்ணா? என்னை விட மனசில்லாமயா கல்யாணத்தை நிறுத்தினாரு?"

ராசப்பன் பாதையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்: "போன மாசம் அவரைக் கோயமுத்தூர் டாக்டருகிட்ட நாந்தானுங்க கூட்டிப்போனேன், 'நீங்க எத்தனை கல்யாணம் பண்ணினாலும் உங்களுக்குப் பிள்ளை பொறக்காது'ன்னு டாக்டர் சொன்னது என் காதுலயும் விழுந்துபோச்சுங்க, அம்மணி."